இரவு விளக்குகளைக் கொண்டு பரிசோதனை வீடியோ: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குக் கேமரா வகுப்பு எடுக்கிறேன். நகரத்தின் இரவு விளக்குகளை மட்டும் வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு பரிசோதனை வீடியோ எடுத்து வரவேண்டும் என்பது ஆண்டுதோறும் நான் கொடுக்கும் பயிற்சி. ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கேமரா அளவுகளெல்லாம் இந்திய மின்சாரத்துக்கு உரியவை. வேறு நாட்டில் எடுப்பவர்கள் 6ஆம் கேள்வியை முதலில் படித்துவிடவேண்டும்.

1. மேடம், பரிசோதனை வீடியோ என்றால் என்ன? கதையே வேண்டாமா?

கதை இருக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. கதைப்படத்தில் ஒரு மனிதரைக் காட்டுவதற்கு விளக்கு துணையாக நிற்கும். இந்தப் பயிற்சியில் விளக்குதான் பாத்திரம். அது எப்படித் துடிக்கிறது, எதன்மேல் பட்டுச் சிதறுகிறது, கேமரா அசைந்தால் என்ன வடிவம் கொள்கிறது என்று விடை தெரியாத ஒரு கேள்வி உங்களிடம் இருக்கவேண்டும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கித் தேடுவதுதான் பரிசோதனை.

இந்தத் தேடலுக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. 1914 வாக்கில் அமெரிக்காவில் ஃப்ராங்க் கில்பிரெத்தும் அவருடைய மனைவி லில்லியனும் தொழிலாளர்களின் விரல்களில் சிறு பல்புகளைக் கட்டி, ஷட்டரை (கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு) திறந்தே வைத்து, கை போன பாதையை ஒளிக்கோடாகப் பதிவு செய்தார்கள். பல்பை விட்டுவிட்டு எரியச் செய்தபோது அந்தக் கோடு புள்ளிகளாக உடைந்தது. புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை வைத்துக் கையின் வேகத்தையே அளந்தார்கள். 1958இல் வில்லியம் க்ளைன் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் விளம்பர விளக்குகளைக் கொண்டே ‘பிராட்வே பை லைட்’ என்ற குறும்படத்தை எடுத்தார். முன்னது தொழிற்சாலை ஆய்வு, பின்னது சினிமா. இரண்டுக்கும் மூலப்பொருள் இருட்டும் சில விளக்குகளும்தான்.

2. சென்னையில் எதைப் போய் எடுப்பது? எல்லா விளக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்: ஒரே ஒரு விளக்கை, அல்லது ஒரே வகை விளக்கைத் தேர்ந்தெடுங்கள். ரிப்பன் கட்டடம், நேப்பியர் பாலம், கத்திப்பாரா மேம்பாலம் மூன்றையும் வரிசையாகக் கோத்துக் கொண்டுவந்தால் அது சுற்றுலா விளம்பரமாகத்தான் நிற்கும். மின்சார ரயிலின் ஜன்னல் வெளிச்சம் பக்கத்துச் சுவரில் ஓடுவதை மட்டும் மூன்று நிமிடம் பார்த்த ஒரு மாணவியின் வீடியோ இன்றும் என் நினைவில் இருக்கிறது. அவர் மயிலாப்பூர் பறக்கும் ரயில் பாதையை ஒட்டியிருந்த தன் வீட்டு மொட்டை மாடியைத் தாண்டிப் போகவே இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். ஷட்டர் ஒரு வினாடி திறந்திருக்கும்படி வைத்து, தெருவிளக்கு, கடைப் பலகை, கோயில் சீரியல் செட், அகல் விளக்கு, வண்டி ஹெட்லைட் என ஒவ்வொன்றின் முன்னாலும் கேமராவைப் பக்கவாட்டில் வீசியபடி ஒரு புகைப்படம் எடுங்கள். சில விளக்குகள் முழுக்கோடாக வரும். சில புள்ளிப் புள்ளியாக உடையும். சில நிறம் மாறி மாறி வரும். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையெழுத்து போடுவதைக் காண்பீர்கள். உங்களை நிறுத்தி வைக்கும் கையெழுத்து எதுவோ, அதுவே உங்கள் விளக்கு.

3. என்னிடம் கேமரா இல்லை. ஃபோனில் எடுத்தால் மதிப்பெண் குறையுமா?

குறையாது. ஆனால் ஃபோன் தானாக முடிவெடுக்க விடக்கூடாது. இரவில் ஃபோன் ஒவ்வொரு கணமும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பேருந்து கடந்தால் படம் முழுவதும் மங்கி மீளும். புரோ மோடிலோ, ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) கையால் வைக்கவிடும் வேறு செயலியிலோ எடுங்கள். ஷட்டர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு), ஃபோகஸ் நான்கையும் பூட்டிவிட்டுப் பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

பிரகாசமான விளக்குக்கு எதிர்ப்புறத்தில் ஒரு சிறு பச்சைப் பொட்டு மிதப்பதைப் பலர் லென்ஸ் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அது லென்ஸுக்குள்ளேயே ஒளி திரும்பித் திரும்பி எதிரொளிப்பதால் வருவது; ஃப்ரேமின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விளக்கின் நிழல்போல நடமாடும். விளக்கை மையத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். அந்தப் பொட்டையே பாத்திரமாக்கவும் வழி இருக்கிறது.

4. எத்தனை மணிக்குப் போகவேண்டும்? நன்றாக இருட்டிய பிறகா?

கறுப்புப் பின்னணியில் தனி விளக்குகள் வேண்டுமானால் நன்றாக இருட்டிய பிறகு போகலாம். கட்டடத்தின் கோடும் வானத்தின் நீலமும் சேர்ந்து வேண்டுமானால், சூரியன் மறைந்ததிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது சுமார் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சரேலென்று இறங்கிவிடுகிறது. ஐரோப்பியர்கள் பாடம் எடுக்கும் நீண்ட நீல அந்தி இங்கே கிடையாது. சென்னையில் டிசம்பர் தொடக்கத்தில் 5:40 மணியை ஒட்டியும், ஜூன் கடைசியில் 6:40 மணியை ஒட்டியும் சூரியன் மறையும். அதற்கு அரை மணி முன்பே கேமரா ட்ரைபாடில் நிற்கவேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைச் சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தார்ச்சாலை ஈரமாகிக் கண்ணாடிபோல ஆகிவிடும். விளக்கு ஒன்று இருந்தால் படத்தில் இரண்டு கிடைக்கும். கார்த்திகை தீபமும் அந்த மாதங்களில்தான் வருகிறது.

5. விளக்கெல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறதே, நிறமே இல்லை?

தெருவும் சுவரும் ஆட்களும் தெரியவேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டியிருப்பீர்கள். தெரு தெரியும் அளவுக்குக் கூட்டினால் விளக்கு சென்ஸாரின் (கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சில்லு) எல்லையைத் தாண்டிவிடும். தாண்டிய இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே அளவுக்கு நிரம்பி வெள்ளையாகிவிடும். அங்கே தொலைந்த நிறத்தை எந்த எடிட்டிங் மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே வெளிச்சத்தை விளக்குக்காக அளந்து வையுங்கள், தெருவுக்காக வேண்டாம். சிவப்புப் பலகை சிவப்பாகத் தெரியும்வரை ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திரையில் படம் பயப்படும் அளவுக்கு இருட்டாகத் தெரியும். அந்த இருட்டு உங்கள் படத்தின் பாதி. அதை நிரப்பத் துடிக்கவேண்டாம். ஐஎஸ்ஓ குறைவதால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும் இரைச்சலும் குறையும்.

6. வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. டிபார்ட்மெண்ட் கேமரா பழுதாகிவிட்டதா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நமது மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று மாறும் மாறுமின்னோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால், சோக்கு வைத்த பழைய ட்யூப் லைட்டும் சோடியம் விளக்கும் (பழைய மஞ்சள் தெருவிளக்கு) வினாடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன. நம் கண் அதைச் சேர்த்து ஒரே வெளிச்சமாகப் பார்க்கிறது. கேமராவின் ஷட்டர் அந்தத் துடிப்போடு பொருந்தாதபோது ஒரு ஃப்ரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப்படம்) அதிக வெளிச்சமும் அடுத்ததற்குக் குறைந்த வெளிச்சமும் கிடைக்கின்றன. மேலும் பெரும்பாலான சென்ஸார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே துடிப்பின் ஏற்ற இறக்கம் கிடைமட்டப் பட்டைகளாக விழுகிறது.

தீர்வு எளிது. ஃப்ரேம் வேகம் வினாடிக்கு 25, ஷட்டர் 1/50 வினாடி. அந்த நேரத்துக்குள் துடிப்பு சரியாக இரண்டு முறை முழுமையாக நடந்து முடிவதால் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் சேரும். 1/100ம் பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் சில மலிவான சீரியல் செட்டுகள் மின்சாரத்தின் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தி வினாடிக்கு 50 முறைதான் துடிக்கும் என்பதால் 1/50 தான் நம்பகமானது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கே தயாரான பாடங்கள் 1/60 என்று சொல்வதை இங்கே அப்படியே பின்பற்றினால் பட்டை ஓடும். 2ஆம் கேள்வியில் சொன்ன சோதனையில் சில விளக்குகள் புள்ளியாக உடைந்ததும் இந்தத் துடிப்பால்தான். அகல் விளக்கு மின்சாரத்தை அறியாது, ஆகவே முழுக்கோடு.

எல்இடி பலகைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். அவை தங்களுக்குள் இருக்கும் சுற்றுப்பலகையின் வேகத்தில் துடிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஷட்டரை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

7. அந்தக் கோடு அழகாகவே இருந்தது மேடம். அதை வேண்டுமென்றே கொண்டுவர முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. முடியும். ஷட்டரை 1/1000 போல மிகக் குறுகியதாக வையுங்கள், பட்டைகள் அழுத்தமாகும். வினாடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் பட்டைகள் தாவித் தாவிப் பறக்கும். 24 ஃப்ரேமில் வினாடிக்கு நான்கு முறை உருளும். 25 ஃப்ரேமில் வைத்தால் ஓர் ஆச்சரியம்: 100 என்பது 25இன் சரியான மடங்கு என்பதால் பட்டைகள் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடும்.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. நாட்டின் மின்தொகுப்பு எப்போதும் மிகச் சரியாக 50இல் நிற்பதில்லை, 49.90 முதல் 50.05 வரை ஏறி இறங்க விதி அனுமதிக்கிறது. தேவை கூடும்போது சற்றே இறங்கும், குறையும்போது ஏறும். அந்தச் சிறு மாற்றத்துக்கு ஏற்ப உங்கள் ஃப்ரேமில் நிற்கும் பட்டை மெல்ல மேலேயோ கீழேயோ நகரும். ஒரு பெட்டிக்கடை ட்யூப் லைட்டைப் பத்து நிமிடம் அசையாமல் எடுத்தால், நாடு முழுவதும் மின்சாரம் இழுக்கப்படுவதன் அசைவு அந்தப் பட்டையில் தெரிகிறது. ஒரு செமஸ்டர் முழுவதும் இந்த ஒன்றையே செய்யலாம் என்று நினைக்கிறேன்.

8. சோடியம் விளக்கின் மஞ்சளை ஒயிட் பேலன்ஸில் சரிசெய்ய முடியவில்லை. என்ன செய்வது?

முழுமையாகச் சரிசெய்ய முடியாது. ஒயிட் பேலன்ஸ் என்பது இருக்கும் நிறங்களின் விகிதத்தை மாற்றும் வேலை. சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளையும் ஆரஞ்சையும் சுற்றியே குவிந்திருக்கிறது. நீலம் அதில் மிகக் குறைவு. இல்லாத நீலத்தை எங்கிருந்து கூட்டுவது? அதனால்தான் அந்த விளக்கின் கீழே நீலச் சேலை கறுப்பாகத் தெரிகிறது.

கேமராவை ஆட்டோவில் விடாமல் ஓர் எண்ணில் பூட்டுங்கள். 4000 கெல்வின் (ஒயிட் பேலன்ஸின் அலகு) அளவில் வைத்தால் சோடியம் ஆழ்ந்த ஆரஞ்சாகவும், வெள்ளை எல்இடி சற்றே நீலமாகவும் பிரிந்து நிற்கும். ஒரே சாலையின் ஒரு பக்கம் பழைய விளக்கும் மறுபக்கம் புதிய விளக்கும் இருந்தால் இதைவிட நல்ல நிறச்சேர்க்கை கிடைக்காது.

9. வண்டி விளக்குகள் நீளமான கோடாகப் போகும் வீடியோவை எப்படி எடுப்பது? ஷட்டரைக் குறைத்தும் வரவில்லை.

வினாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும் கேமரா ஒரு ஃப்ரேமுக்கு 1/25 வினாடிக்கு மேல் திறந்திருக்க இடமில்லை. அதற்குள் ஹெட்லைட் நீளக் கோடு போடாது. ஆகவே அதை வீடியோவாக எடுக்காமல் புகைப்படங்களாக எடுத்துக் கோக்கவேண்டும். இரண்டு வினாடி ஷட்டர், மூன்று வினாடிக்கு ஒரு படம் என்று வைத்தால், 250 படம் எடுக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அதிலிருந்து பத்து வினாடி வீடியோ கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஷாட் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பேட்டரி நீங்கள் நினைப்பதைவிட விரைவில் தீரும்.

வேறொரு வழியும் உண்டு. சாதாரண வீடியோவையே எடிட்டிங்கில் பல அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஃப்ரேம் தள்ளி, ‘லைட்டன்’ கலப்பில் (அடுக்குகளில் பிரகாசமானதை மட்டும் காட்டும் முறை) சேர்த்தால் விளக்கு தன் பின்னால் வாலை இழுத்துக்கொண்டு போகும். முன்னதில் கோடு நீர்போல் ஓடும், பின்னதில் மணிகளாகக் கோத்தாற்போல் வரும். எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். அதில் நேரம் எண்ணத்தக்கதாகத் தெரிகிறது.

10. ட்ரைபாட் கிடைக்கவில்லை. கை நடுங்குகிறது.

9ஆம் கேள்வியின் வேலைக்கு ட்ரைபாட் கட்டாயம். மற்றவற்றுக்கு அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்று போதும். கைப்பிடிச் சுவர்மேல் வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வையுங்கள். பேருந்து செல்லும் மேம்பாலத்தில் ட்ரைபாட் வைத்தாலும் பாலமே அதிரும் என்பதை நினைவில் வையுங்கள். நடுங்கத்தான் போகிறது என்றால் துணிந்து அசையுங்கள்: அரைகுறை நடுக்கம் தவறாகத் தெரியும், முழு வீச்சு எழுத்தாகத் தெரியும்.

11. ஃபோகஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு எடுத்தால் அது ஏமாற்று வேலை ஆகாதா?

ஆகாது. ஃபோகஸ் விலகும்போது ஒவ்வொரு விளக்கும் லென்ஸின் துவார வடிவத்தில் வட்டமாக விரிகிறது. 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 (துவாரம் அகலமாகத் திறக்கும்) லென்ஸ் இருந்தால் இது மிகப் பெரிதாக வரும். கறுப்பு அட்டையில் ஏறக்குறைய 15 முதல் 20 மில்லிமீட்டர் அளவில் ஒரு வடிவத்தை வெட்டி லென்ஸின் முன்னால் வைத்தால், தூரத்து விளக்குகள் எல்லாம் அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ஒரு மாணவர் ‘அ’ என்ற எழுத்தை வெட்டி வைத்து, அண்ணா சாலை முழுவதையும் மிதக்கும் அகரங்களாக மாற்றினார். ஃபோனில் லென்ஸ் மிகச் சிறியதாக இருப்பதால் இது சரியாக வராது.

நான் வேண்டாம் என்று சொல்வது ஒன்றைத்தான்: எதை எடுப்பது என்று தெரியாததால் ஃபோகஸை விடுவது. மங்கலிலிருந்து தெளிவுக்கு வரும்போது அங்கே ஏதாவது காத்திருக்கவேண்டும்.

12. மழையில் எடுக்கச் சொல்கிறீர்கள். கேமரா என்னாகும்?

கேமராவை மழையில் நனைக்கச் சொல்லவில்லை. மழை நின்ற பத்தாவது நிமிடம்தான் சிறந்த நேரம். சாலையில் நீர் இருக்கும், தலைக்குமேல் இருக்காது. பேருந்து நிழற்குடை, ஆட்டோவின் உள்ளே, காரின் கண்ணாடிக்குப் பின்னால் என்று கூரையின் கீழிருந்தும் எடுக்கலாம். நீர்த்துளி படிந்த கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் ஒரு லென்ஸ். நகரம் முழுவதும் அதற்குள் தலைகீழாகத் தெரியும்.

மழையைவிட ஏசி பெரிய தொல்லை. குளிர்ந்த லேபிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவைப் புழுக்கத்துக்குள் எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அந்த நேரத்தில்தான் 4ஆம் கேள்வியில் சொன்ன நீல வானம் கடந்து போய்க்கொண்டிருக்கும். பையை மூடியபடியே வெளியே அரை மணி வைத்திருந்து பிறகு திறவுங்கள். மெரினாவில் உப்புக்காற்று லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.

13. அனுமதி வாங்கவேண்டுமா? ஃபோனில்தானே எடுக்கிறோம்?

ரயில் நிலையம், மெட்ரோ நிலையம், விமான நிலையம், துறைமுகம், நீதிமன்றம், ராணுவப் பகுதி ஆகியவற்றில் முன் அனுமதி இல்லாமல் படப்பிடிப்பு வேண்டாம். பொதுச்சாலையில் ட்ரைபாட் வைத்து நிற்கும்போது காவலர் வந்து விசாரிப்பது இயல்பு. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. கடையின் முன்னால் நிற்கிறீர்கள் என்றால் கடைக்கார அண்ணனிடமோ அக்காவிடமோ முதலில் பேசுங்கள். பேசியவர்களுக்கு ஸ்டூலும் ப்ளக் பாயிண்டும் தேநீரும் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரோன் வேண்டாம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் சென்னையில் அதற்கான வேலை இந்தப் பயிற்சிக்குத் தகுந்ததாக இருக்காது. நண்பரின் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி போதும்.

14. வீட்டில் இரவு வெளியே விடமாட்டார்கள். பெண்கள் என்ன செய்வது?

தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். இந்தக் கட்டுப்பாட்டை யாரும் மறைக்கவேண்டியதில்லை. வீடியோவின் தரத்தையும் அது குறைக்காது. 2ஆம் கேள்வியில் சொன்ன ரயில் வெளிச்ச வீடியோ வீட்டு மாடியிலேயே எடுக்கப்பட்டது. டிசம்பரில் ஆறேகால் மணிக்கே நன்றாக இருட்டிவிடுவதால் ஏழு மணிக்குள் வீடு திரும்பும்படியும் எடுக்கலாம். ஜன்னல் கம்பியின் நிழல், கூரையில் ஓடும் ஹெட்லைட் வெளிச்சம், எதிர் வீட்டு சீரியல் செட் எல்லாமே நகரத்து விளக்குகள்தான்.

வெளியே போகும் யாராக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, தனியாகப் போகக்கூடாது. ஒருவர் கேமராவைப் பார்க்கும்போது இன்னொருவர் சாலையை மட்டுமே பார்க்கவேண்டும். திரும்பி வருவதற்கான வண்டி போகும் முன்பே முடிவாகியிருக்கவேண்டும்.

15. தெருவில் இருப்பவர்களின் முகம் வந்துவிட்டால்?

5ஆம் கேள்வியில் சொன்னபடி விளக்குக்கு அளந்து எடுத்தால் பெரும்பாலும் நிழலுருவமாகவே வருவார்கள். அடையாளம் தெரியும்படி வந்தால் சம்மதம் கேளுங்கள். நடைபாதையில் உறங்குபவர்களை எடுக்கவேண்டாம். அவர்களிடம் சம்மதம் கேட்கவும் முடியாது, அவர்களுடைய படுக்கையறை அது.

16. பின்னணிக்கு எந்தப் பாட்டைப் போடலாம்? சில வினாடி மட்டும் போட்டால் காப்பிரைட் வராது என்கிறார்களே?

குறிப்பிட்ட வினாடிகள் வரை இலவசம் என்ற விதி எதுவும் கிடையாது. அதைவிட, சினிமாப் பாட்டைப் போட்டதும் பார்ப்பவர் மனம் அந்தப் பாட்டின் காட்சிக்குப் போய்விடும். நீங்கள் சிரமப்பட்டு எடுத்த விளக்கு அங்கே தோற்றுவிடும்.

விளக்குகளுக்கு அவற்றின் சொந்த ஒலியே உண்டு. பழைய ட்யூப் லைட்டின் சோக்கு ‘ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். 6ஆம் கேள்வியில் சொன்ன அதே வினாடிக்கு 100 துடிப்புதான் அது. படத்தில் பட்டையாக விழுந்தது காதில் சுருதியாக விழுகிறது. அமைதியான நேரத்தில் ரெக்கார்டரைச் சோக்குக்கு அருகில் பிடித்துப் பதிவு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் முனகலை வேலிக்கு வெளியே நின்று மட்டும் எடுங்கள், கிட்டே போகவே கூடாது. சுருதிப் பெட்டியைப்போல அந்த ஒலியை அடியில் நிறுத்திவிட்டு, அதன்மேல் சிக்னலில் கிளம்பும் வண்டிகளையோ கோயில் மணியையோ வைத்துப் பாருங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: இவ்வளவு தாழ்ந்த ஒலி ஃபோன் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்காது, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு எடிட் செய்யுங்கள்.

17. கதை இல்லையென்றால் எந்த வரிசையில் ஷாட்களை அடுக்குவது?

ஏதாவது ஒன்று மாறிக்கொண்டே போகவேண்டும், ஒன்று மட்டும். மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு, தெளிவிலிருந்து மங்கலுக்கு, ஒரு விளக்கிலிருந்து ஆயிரம் விளக்குக்கு, நிற்கும் பட்டையிலிருந்து பறக்கும் பட்டைக்கு. பார்ப்பவர் அந்த மாற்றத்தைத் தன்னையறியாமலே பின்தொடர்வார். ஷாட்களின் நீளத்தை இசைக்கு ஏற்ப வெட்டுவதைவிட விளக்குக்கு ஏற்ப வெட்டுங்கள். சிக்னல் சிவப்பு 90 வினாடி எரிந்தால் அதில் ஒருமுறையாவது முழுமையாக நில்லுங்கள். இடையில் முழுக் கறுப்பு ஃப்ரேம்களை வைக்கத் தயங்காதீர்கள்.

18. லேபில் நன்றாக இருந்தது, ஆன்லைனில் ஏற்றியதும் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது.

இணையதளங்கள் கோப்பைச் சுருக்கும்போது இருண்ட பகுதிகளில்தான் முதலில் கை வைக்கின்றன. வானம் மெல்ல மங்கும் இடத்தில் பட்டை பட்டையாகப் படிகள் தெரியும். மெல்லிய, சீரான ஒரு கிரெயினை (பொடிப்பொடியான புள்ளித் தூவல்) எடிட்டிங்கில் சேர்த்தால் படிகள் மறையும். அதிகமாகச் சேர்த்தால் சுருக்கம் இன்னும் மோசமாகும். எடுத்தது 1080ஆக இருந்தாலும் 4கே அளவில் ஏற்றுவது பெரும்பாலும் உதவுகிறது. மதிப்பீட்டுக்கு மூலக் கோப்பையே பென்டிரைவில் கொடுங்கள்.

19. பட்டையும் மின்னலும் நிறைய வைத்தேன். நண்பர் தலைவலிக்கிறது என்றார். இது முக்கியமா?

மிகவும் முக்கியம். வேகமாக மின்னும் படங்கள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது என்பது இணையத்துக்கான பொது வழிகாட்டி. 7ஆம் கேள்வியில் சொன்ன 30 ஃப்ரேம் தாவலும் 24 ஃப்ரேம் உருளலும் முழுத்திரையையும் நிறைத்தால் இந்த எல்லையை மீறக்கூடும். ஃப்ரேமின் சிறு பகுதிக்குள் அடக்குங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் தேவை என்றால் தொடக்கத்தில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.

20. வைவாவில் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வது?

தனிமை, நவீன வாழ்வின் வேகம் என்று பெரிய சொற்களைத் தேடவேண்டாம். எந்தக் கேள்வியோடு போனீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், எதிர்பாராமல் என்ன கிடைத்தது என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். “ட்யூப் லைட்டின் பட்டை ஏன் நகர்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனேன், ஷட்டரை மாற்றி நாற்பது முறை எடுத்தேன், மாலை ஏழு மணிக்கும் பின்னிரவு இரண்டு மணிக்கும் அது வேறு வேறு மாதிரி நகர்ந்தது” என்று ஒருவர் சொன்னால், எந்தத் தேர்வாளரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார். தோற்றுப்போன ஷாட்களையும் அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்து காட்டுங்கள்.

21. எங்கள் தெரு சோடியம் விளக்கை வைத்துப் பாதி எடுத்துவிட்டேன். போன வாரம் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

நகரம் முழுவதும் ஆண்டுக்கணக்கில் நடந்துவரும் மாற்றம் இது. மின்சாரம் மிச்சமாகிறது, நீலச் சேலை மறுபடியும் நீலமாகத் தெரிகிறது. ஆனாலும் பிறந்ததிலிருந்து பார்த்த மஞ்சள் ஓர் இரவில் போவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று புரிகிறது. எடுத்ததை அழித்துவிடாதீர்கள், வேறு தெருவுக்குப் போய் மீதியை எடுத்து ஒட்டவும் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது இனி யாராலும் எடுக்க முடியாத பாதி.

முதலில் எடுத்த ஒவ்வொரு ஷாட்டையும் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே லென்ஸில், 8ஆம் கேள்வியில் சொன்னபடி பூட்டிய அதே ஒயிட் பேலன்ஸில் புதிய விளக்கின் கீழே மறுபடியும் எடுங்கள். சுவர், மரம், நிறுத்தியிருக்கும் வண்டி எல்லாம் நிறம் மாறி நிற்கும். முன்பு கறுப்பாக இருந்த கதவு பச்சை என்று அன்றுதான் உங்களுக்கே தெரியும். 2ஆம் கேள்வியின் வீச்சுச் சோதனையையும் இரண்டாம் முறை செய்து பாருங்கள். பழைய விளக்கின் புள்ளிக்கோடும் புதியதன் கோடும் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள், எடிட்டிங் அறையில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.